பத்தில் ஒரு மில்லிமீட்டர்

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே, அந்தரத்தில் நிறுத்திய லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வயலின் வாசித்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரரை அப்படியே தொங்கவிட்டுவிட்டுப் போன வாரம் நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பாவம், ஏழு நாளாக அங்கேயேவா இருப்பார். இறங்கிவிட்டார்.

இறங்கும்போது கீழே ஒரு ஊரே நின்றது. காய்கறிப் பையோடு நால்வர், சக்கர நாற்காலியில் ஒருவர், கட்டிலைத் தலைகீழாகப் பிடித்தபடி இருவர். "பழுது பார்க்கிறோம்" பலகையை அவர் கழற்றியபோது அத்தனை பேரும் பார்த்த பார்வையில் இரும்பே உருகியிருக்கும்.

எட்டு மாதமாக இதே கதைதான். லிஃப்டின் கம்பிக் கயிறு அறுந்துவிடுவதுபோல முனகுகிறது, எண்ணெய் போடுங்கள் என்று ஒன்பதாம் மாடிக்காரர் கம்பெனிக்கு எழுதிய கடிதங்களை அடுக்கினால் அது ஒன்பதாம் மாடியையே எட்டும். கம்பெனி அவற்றை லிஃப்ட்காரரிடமே கொடுத்து விசாரிக்கச் சொன்னது. அவரும் ஒவ்வொன்றின் கீழும் "எண்ணெய் போடப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்பத்தொரு வருட வேலையில் அவர் எழுதிய பொய்கள் அவ்வளவுதான்.

எழுதிய பொய் அவ்வளவு. எழுதாத பொய் ஒன்று உண்டு. அவருடைய இடது காது.

மோட்டார் அறையில் இயந்திரத்தின் பக்கமாகவே முப்பத்தொரு வருடம் நின்ற காது அது. என்றைக்குப் போனது என்று அதற்கே தெரியாது. கேட்கவில்லை என்று சொல்ல அவர் ஒருநாளும் ஒப்பவில்லை. இடப்பக்கமிருந்து யார் எது சொன்னாலும் புன்னகையோடு மூன்று முறை தலையாட்டுவார். அப்படித் தலையாட்டியே அவர் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரானார், பார்த்தேயிராத ஒருவருக்கு ஜாமீன் நின்றார், ஒரு முறை குதிரை வாங்கவே சம்மதித்தார் என்று மனைவி சொல்வாள். குதிரை விஷயம் மட்டும் கொஞ்சம் சந்தேகம்.

இந்தக் காதை வைத்துக்கொண்டு ஐம்பத்தேழு வயதில் வயலின் எதற்கு?

குருவிக்காக.

குருவி அவருடைய ஒரே மகள். பதினோரு வயதில் கையளவு வயலின் ஒன்றில் பழகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தவர், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தவளிடம், "உனக்கு இது வராது. வராத ஒண்ணுக்காக ஏன் எல்லாரையும் கொல்றே" என்றார். சொன்னவர் தூங்கிப்போனார். அவள் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள். பதினேழு வருடம் ஆகிறது.

அதற்குப் பிறகு அவள் எதையும் இரண்டாம் முறை முயன்றதில்லை. நீச்சல் வராதுப்பா. கார் ஓட்ட வராதுப்பா. கல்யாணமா, அதெல்லாம் எனக்கு வராதுப்பா. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஒவ்வொரு "வராதுப்பா"வும் தான் போட்ட விதை என்று அவருக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அன்றைக்கு அவள் வாசித்த அதே பாட்டைத் தானே கற்று அவள் முன்னால் வாசித்துவிட்டால், கேட்க வேண்டியதெல்லாம் கேட்டதாகிவிடும் என்று கணக்குப் போட்டார். மோட்டாரைப் பிரித்து மாட்டத் தெரிந்த மனிதர். வாயைத் திறக்கத் தெரியாதவர்.

நான்கு வருடம் கழித்து வந்த குருவி ஐந்து நாள் இருந்தாள். நான்கு நாளும் "நாளைக்கு வாசிக்கலாம்" என்று தள்ளிப்போட்டார். இன்று ஐந்தாம் நாள். மாலை ஆறரைக்கு அவளுக்குப் பஸ்.

---

"மூணு மணிக்கு வந்துடுவேன்" என்றார் காலையில், ஷூ மாட்டிக்கொண்டே.

"வந்து?" என்றாள் மனைவி.

பல்செட் செய்யும் கூடத்தில் வேலை அவளுக்கு. மகள் ஊருக்குப் போகும் நாள் என்று லீவு போட்டவள், வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் மெழுகு ஈறுகளோடு ஒரு முழு வாய் சிரித்துக்கொண்டிருந்தது. நாளைக் காலை மேடையில் பேச வேண்டிய ஒருவருக்கு அது வேண்டுமாம்.

"வந்து வாசிப்பேன்."

"நாலு நாளா கேக்காத பொண்ணு இன்னிக்குக் கேக்கப் போறாளா?"

"கேப்பா."

"ஏங்க, வாயால சொல்லிடுங்களேன். ரெண்டு வார்த்தை. அதுக்குத் தந்தியும் வேண்டாம், வில்லும் வேண்டாம்."

மனைவி இடப்பக்கம் நின்றிருந்தாள். அவர் புன்னகைத்தார். மூன்று முறை தலையாட்டினார்.

"குதிரை வாங்குங்க" என்றாள்.

அதற்கும் தலையாட்டினார்.

குருவி ஜன்னலோரம் டீயைப் பிடித்தபடி நின்று இதையெல்லாம் பார்த்தாள். வெளியூரில் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பது அவள் வேலை. நாள் முழுக்க மனிதர்கள் முகத்தையே பார்ப்பவள். அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தாள்.

---

மூன்று மணிக்கு அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார்.

அந்த வயலினைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய சாமான் கடையில் வாங்கியது, பெரியவர்கள் வாசிக்கும் அளவு. விரல் எங்கே வைப்பது என்பதற்குப் புத்தகத்தில் படம் இருந்தது. படத்தை நம்புகிற ஆள் இல்லை அவர். பரணிலிருந்து குருவியின் சின்ன வயலினை இறக்கினார். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர், விரல் வைக்கும் இடங்களில் நான்கு வெள்ளை நாடா ஒட்டியிருந்தார். லிஃப்ட்காரர் தன் வெர்னியர் அளவுகோலை எடுத்து நான்கையும் அளந்தார். பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் பெரிய வயலினில் நான்கு நாடா ஒட்டினார். சுருதி பார்க்கும் குட்டிக் கருவியை ஒருமுறை மாட்டிப் பார்த்தபோது, நாடாவில் விரல் வைத்த இடமெல்லாம் முள் இடப்பக்கம் சாய்ந்தது. கருவி பழுது என்று முடிவு கட்டி மேசை டிராயரில் போட்டார். வெர்னியர் பொய் சொல்லுமா?

"குருவி" என்று கூப்பிட்டார். "ஒரு நிமிஷம் வாம்மா."

அவள் கையில் மடித்த துணியோடு வந்து நின்றாள். மனைவி மேசையில் பல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். காது மட்டும் இங்கே இருந்தது.

அவர் வாசித்தார்.

எட்டு மாதமாக, தொங்குகிற லிஃப்டில், ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம். வில் நடுங்கவில்லை. விரல் ஒவ்வொன்றும் வெள்ளை நாடாவின் நடுவில் போய்ச் சரியாக நின்றது. முதல் வரி முடிந்தது, இரண்டாவது முடிந்தது. கடைசி சுரத்தை நீட்டி, வில்லை மெல்ல எடுத்தார். தன் வாழ்க்கையில் இவ்வளவு பிசகில்லாமல் எதையும் செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"நல்லாருக்குப்பா" என்றாள் குருவி, யோசித்து. "என்ன பாட்டு இது?"

மேசையில் சுரண்டும் சத்தம் நின்றது.

"தெரியலையா?"

"இல்லையே. புதுசா இருக்கு. வேற ஏதாவது நாட்டுப் பாட்டா?"

அவருக்கு நெஞ்சில் ஏதோ ஒரு கயிறு கழன்றது. பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை.

"ஏதோ புத்தகத்துல இருந்தது" என்றார்.

அவள் துணியை நாற்காலியில் போட்டுவிட்டு அருகில் வந்தாள். நாடாக்களைப் பார்த்தாள்.

"இது யார் ஒட்டினது?"

"நான்தான். உன் சின்ன வயலின்ல உங்க டீச்சர் ஒட்டியிருந்தாங்கல்ல, அதை அப்படியே அளந்தேன். பத்துல ஒரு மில்லிமீட்டர் தப்பாது."

குருவி உள்ளே போய்ச் சின்ன வயலினை எடுத்துவந்து பெரியதன் பக்கத்தில் வைத்தாள். தாயும் பிள்ளையும் போல இரண்டும் கிடந்தன.

"அப்பா, சின்னதுல தந்தியும் சின்னது. அந்த இடம் அந்தத் தந்திக்குத்தான். என் பதினோரு வயசுச் சட்டையை அளந்து உங்களுக்குத் தைச்ச மாதிரி இருக்கு."

லிஃப்ட்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இது. ஒரு கட்டடத்தின் மாடி அளவை இன்னொரு கட்டடத்துக்கு வைக்கக் கூடாது. வைத்தால் லிஃப்ட் எல்லா மாடியையும் தப்பவிட்டு நடுவில் நிற்கும். கதவு திறக்கும். எதிரே சுவர் இருக்கும். எட்டு மாதமாக அவர் ஒவ்வொரு சுரத்திலும் சுவரைப் பார்த்துத்தான் கதவைத் திறந்திருக்கிறார்.

"கேக்கும்போதே தப்புன்னு தெரியலையாப்பா?"

"லேசா தெரிஞ்சுது" என்றார். அது பொய்.

அவள் பெரிய வயலினை எடுத்து, மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். தோளில் வைக்கவில்லை. பதினேழு வருடம் கழித்துத் தந்தியைத் தொடுகிறோம் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், விரல் கொஞ்சம் தயங்கியது. நாடாவின் மேல் அழுத்தித் தந்தியைச் சுண்டினாள்.

"இது ஒண்ணு." விரலை நகர்த்தி மறுபடி சுண்டினாள். "இது ரெண்டு. எது சரி?"

கடையில் கண்ணாடி மாற்றி மாற்றிக் கேட்கிற அதே குரல். இதுவா, அதுவா, எது தெளிவா இருக்கு?

"ரெண்டாவது."

"இப்போ. இது ஒண்ணு. இது ரெண்டு."

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். விடை அங்கே எழுதியிருக்கிறதா என்று தேடினார்.

"ரெண்டாவதுதான்."

"இப்போ?"

"முதல்லது."

குருவி கையை எடுத்தாள்.

"அப்பா, கடைசி ரெண்டு தடவையும் நான் விரலை நகர்த்தவே இல்ல."

கூடத்தில் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டிருக்கும், கேட்கிறவர்களுக்கு.

"எவ்வளவு நாளா இப்படி?" என்றாள் மெதுவாக.

"என்ன எவ்வளவு நாளா? எனக்கு நல்லாத்தான் கேக்குது. ரெண்டு நாளா கொஞ்சம் சளி."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"சளிக்கு எதுக்கு டாக்டர்."

"அப்போ, இந்த வயசுல எதுக்குப்பா வயலின்?"

இதோ கதவு. தானாகவே, சரியான மாடியில், அகலமாகத் திறந்தது. ஒரு எட்டு வைத்தால் போதும். மேசையிலிருந்து மனைவி, கையில் பல்லோடு, சொல்லுங்க சொல்லுங்க என்று கண்ணாலேயே அவரை முதுகில் பிடித்துத் தள்ளினாள்.

பாட்டே என்னவென்று தெரியாதவளிடம் அந்தப் பாட்டைப் பற்றி எப்படிச் சொல்வது?

"சும்மாதான்" என்றார். "பொழுது போகணும்ல."

"சும்மாவா" என்றாள் குருவி.

"சும்மாதான்."

அவள் தலையசைத்தாள். "நான் கொஞ்சம் உள்ள கொண்டுபோய்ப் பாக்கட்டுமா?" என்று வயலினை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அரை மணி நேரம் வெளியே வரவில்லை. உள்ளே தந்தி மெல்ல மெல்லச் சுண்டப்பட்டது மனைவிக்குக் கேட்டது. ஒரே வரி, திரும்பத் திரும்ப. அவருக்குச் சாத்திய கதவுதான் தெரிந்தது.

"கல்லுளிமங்கன்" என்றாள் மனைவி, அவருடைய வலப்பக்கம் வந்து நின்று, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி. "உங்க வாய்க்கு ஒரு பல்செட் பண்ணித் தரேன். அதாவது பேசுதான்னு பாப்போம்."

---

பஸ் நிலையத்தில் பேசுவதற்கு வாய்ப்பே இல்லை. நாற்பது பஸ்கள் ஒரே நேரத்தில் இருமிக்கொண்டிருந்தன. குருவியின் பெட்டியைப் பஸ்ஸின் வயிற்றில் ஏற்றிவிட்டு, அவர் ஜன்னல் பக்கமாக வந்து நின்றார். பெரிய தூண் ஒன்று வழியை மறித்தது. அதையும் பஸ்ஸையும் ஒட்டி நின்றால், ஜன்னல் அவருடைய இடப்பக்கம் வந்தது.

எஞ்சின் உறுமியது. குருவி ஜன்னலைத் தள்ளித் திறந்து வெளியே குனிந்தாள். கண் சிவந்திருந்தது. புகை என்று நினைத்தார். அவள் ஏதோ கேட்டாள். கொஞ்சம் நீளமாகவே கேட்டாள். கேட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் முழு முகத்தாலும் புன்னகைத்தார். மூன்று முறை தலையாட்டினார்.

அவள் இன்னொரு முறை கேட்டாள், சின்னதாக. அவர் இன்னும் பலமாகத் தலையாட்டினார். போய் இறங்கியதும் போன் பண்ணட்டுமா என்று கேட்டிருப்பாள். வேறென்ன கேட்கப் போகிறாள்.

குருவி ஜன்னலை மூடினாள். காற்று அடிக்கும் என்று மூடியிருப்பாள். பஸ் வளைவு தாண்டும்வரை அவர் கையசைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் எந்தக் கையும் அசையவில்லை.

---

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தார். அந்த நாடாக்களைக் கிழித்துப் போட்டுவிட்டு வயலினைப் பரணில் ஏற்றிவிடுவது என்று வழியெல்லாம் தீர்மானம் செய்துகொண்டு வந்தார்.

கிழிக்க அங்கே நாடா இல்லை.

அவர் ஒட்டிய நான்கும் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தன. வேறு நான்கு, கொஞ்சம் கோணலாக, மனைவியின் மேசையிலிருந்த ஒட்டுத்தாளில் வெட்டியவை, தள்ளித் தள்ளி ஒட்டப்பட்டிருந்தன. வெர்னியரை எடுத்து அளந்தார். முதல் கோடு கிட்டத்தட்ட ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. நான்காவது ஒன்றரை சென்டிமீட்டர் போயிருந்தது. அளவுகோலே இல்லாமல், பதினேழு வருடம் தொடாத கை, வெறும் காதால் வைத்த இடம்.

வில்லை எடுத்தார். விரல்கள் பழைய இடத்துக்கே ஓடின. பிடித்து இழுத்து, ஒவ்வொன்றாகப் புதிய கோட்டில் வைத்து, எறும்பு ஊர்வதுபோல முதல் வரியை வாசித்தார்.

சரியாக இருக்கிறதா, தெரியவில்லை. நேற்று கேட்டதுபோலத்தான் கேட்டது. இன்னொரு முறை வாசித்தார். சுவரா, மாடியா, அவருக்குத் தெரியவில்லை. வயலினை அணைத்துப் பிடித்திருப்பது இடது காதுக்குக் கீழே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எட்டு மாதமாக அவர் அதைச் செத்த காதில் ஊதிக்கொண்டிருந்திருக்கிறார்.

நிமிர்ந்தபோது மனைவி வாசற்படியில் நின்றாள். கையில் போன். முகம் ஈரமாக இருந்தது.

"அந்தப் பாட்டா வந்துது?" என்று அவசரமாகக் கேட்டார். "சொல்லு, அந்தப் பாட்டுதானா?"

"அதேதான்" என்றாள். நடந்து வந்து அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்தாள். "அவளும் உள்ள உக்காந்து கண்டுபிடிச்சுட்டா, அது எந்தப் பாட்டுன்னு. இப்போதான் பஸ்ல இருந்து பேசினா."

"என்ன சொன்னா?"

"ஜன்னல்ல உங்ககிட்ட என்ன கேட்டான்னு சொன்னா."

"போய்ச் சேந்ததும் போன் பண்ணட்டுமான்னுதானே?"

மனைவி போனைக் கைக்குக் கை மாற்றினாள்.

"'அன்னிக்கு எனக்கு வராதுன்னு சொன்னீங்களேப்பா, இப்பவும் அப்படித்தான் நினைக்கிறீங்களா'ன்னு கேட்டாளாம்."

அவர் வில்லைப் பிடித்தபடி மனைவியின் வாயையே பார்த்தார்.

"ரெண்டு தடவை கேட்டாளாம். ரெண்டு தடவையும் சிரிச்சுக்கிட்டே ஆமான்னு தலையாட்டினீங்களாம்."

வில் எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை. விழுந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை.

"நான் சொன்னேங்க. அப்பாவுக்குக் கேக்கலடின்னு அடிச்சுச் சொன்னேன். 'அப்பாவே நல்லாக் கேக்குதுன்னு சொன்னாரே, நீ சமாளிக்காதம்மா'ன்னு வெச்சுட்டா."

போனைப் பிடுங்கி எண்ணைத் தட்டினார். பதற்றத்தில் இடது காதில் வைத்தார். பிறகு வலது காதுக்கு மாற்றினார். மணி அடிக்கவில்லை. நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண், மிகவும் தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"குருவி" என்றார் அவளிடம். "எனக்குக் கேக்கலைம்மா."

சிறிது நேரம் கழித்து முயற்சி செய்யுங்கள் என்றாள் அவள்.

"கேக்கலைம்மா. ரொம்ப வருஷமாவே கேக்கல."

இணைப்பு தானாகவே அறுந்தது. அவர் போனை இறக்காமல் வலது காதோடு அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.